ஆங்கில நாடகக் கலைச்சொற்களும் கடற்கரை மாணவரும்: ‘ரைடர்ஸ் டு த ஸீ’ நாடகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இளங்கலை ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர் நாடகக் கலைச்சொற்களின் வரையறைகளை மனனம் செய்துவிடுகின்றனர்; ஆயினும் அவற்றை ஒரு பனுவலில் இனங்காணும்போது இடர்ப்படுகின்றனர். தமிழில் வழங்கும் நிகர்ச்சொற்கள் சிலவும் தெளிவைத் தருவதற்கு மாறாக மயக்கத்தை விளைவிக்கின்றன. இக்கட்டுரை, ஜே. எம். சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு த ஸீ’ என்னும் ஓரங்க நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு, இன்றியமையாத கலைச்சொற்கள் சிலவற்றைத் தொல்காப்பியம், சிலப்பதிகாரம், இராமநாதபுரம்–இராமேசுவரம் கடற்கரை மக்களின் வழக்காறு ஆகியவற்றோடு ஒப்பிட்டு விளக்குகிறது. ஒப்புமை எவ்விடம் வரை துணைபுரியும், எவ்விடத்தில் பொருந்தாது போகும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நாடக முரண், அடையாளமறிதல், ஹமார்த்தியா, குறியீடு, உள்ளுறை, கையறுநிலை, கதார்சிஸ், நெய்தல்.

முன்னுரை

இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து ஆங்கில இலக்கியம் பயில வரும் மாணவரில் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பெற்றோரும் உளர். அவர்கள் முதலாம் ஆண்டிலேயே கதார்சிஸ், ஹமார்த்தியா, டிராமாட்டிக் ஐரனி போன்ற சொற்களை எதிர்கொள்கின்றனர். கிரேக்கத்தில் பிறந்து ஆங்கிலத்தின் வழியே வந்துசேர்ந்த இச்சொற்கள் அவர்களுக்கு இருமடங்கு அயன்மை உடையவை. வரையறையை மனனம் செய்வது தேர்வுக்கு எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் ‘இக்காட்சியில் அமைந்துள்ள முரணை விளக்குக’ என்று வினா மாறி வருமாயின் மனனம் செய்த வரையறை கைகொடுப்பதில்லை.

கலைச்சொல் குறிக்கும் பொருள் மாணவருக்கு முன்பே அறிமுகமானதாயின், சொல்லைக் கற்பது எளிதாகும். இக்கடற்கரை மாணவர் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர். கடலுக்குச் சென்றவர் கரை திரும்பும்வரை வீடு காத்திருப்பதை அறிந்தவர். சிலப்பதிகாரத்தின் கதையைப் பள்ளியில் பயின்றவர். எனவே அவருக்கு அயலாக நிற்பது பெரும்பாலும் பெயரே, பொருளன்று. எனினும் பெயருக்குப் பெயர் வைத்து ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வதும் பிழைக்கு இடந்தரும்.

முன்னோடி முயற்சி

மேலைநாட்டு நாடகத்தைத் தமிழ் மரபின் துணையோடு விளக்கும் முயற்சி புதியதன்று. இராமநாதபுரம் சேதுபதி மரபினரோடு உறவுடைய பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இயற்றிய ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக இலக்கண நூல் அச்சங்கத்தின் வழியே 1926இல் வெளிவந்தது. அந்நூல் உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று பகுதிகளை உடையது. ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ எனத் தமிழ்ப்படுத்திய விபுலாநந்தர், அவர்தம் நாடகங்களைத் தமிழ், வடமொழி நாடக இலக்கணங்களின் துணையோடு ஆராய்ந்தார். அதற்கு முன்னரே பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலை இயற்றியிருந்தார். இவ்விருவரும் ஆங்கில நாடகத்தைத் தமிழ் கற்றோருக்கு அறிமுகம் செய்தனர். இன்றைய ஆங்கில இலக்கிய மாணவருக்கும் அவ்வழி பயன்படத்தக்கதே.

நாடகமும் களமும்

‘ரைடர்ஸ் டு த ஸீ’ 1904 பிப்ரவரியில் டப்ளின் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அரன் தீவுகளுக்கு 1898 முதல் பலமுறை சென்று தங்கிய பட்டறிவிலிருந்து சிங் இதனை உருவாக்கினார்.

மௌர்யா என்னும் முதியவள் தன் கணவனையும் மாமனாரையும் நான்கு மகன்களையும் முன்னரே கடலுக்குப் பறிகொடுத்தவள். ஐந்தாம் மகன் மைக்கேல் காணாமற்போய் ஒன்பது நாட்களாக அழுதுகொண்டிருக்கிறாள். தொலைவிலுள்ள டோனகல் கரையில் ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த ஆடைகளைப் பாதிரியார் கொடுத்தனுப்புகிறார். மகள்கள் கேத்லீனும் நோராவும் அம்மூட்டையைத் தாய்க்குத் தெரியாமல் மறைத்து வைக்கின்றனர். எஞ்சிய மகன் பார்ட்லி, தாய் தடுத்தும் கேளாமல், குதிரைச் சந்தைக்குக் கடல் கடந்து செல்லப் புறப்படுகிறான். முடிவில் அவன் உடலும் வீட்டிற்கு வந்துசேர்கிறது.

இக்கதையை உணர்ந்துகொள்ள இக்கடற்கரை மாணவருக்கு நீண்ட முன்னுரை தேவைப்படாது. 1964 டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலுக்கு இரையானதும் இப்பகுதியின் நினைவில் இன்றும் நிலைத்துள்ளன.

கதைப்பின்னலின் படிநிலைகள்

குஸ்டாவ் ஃப்ரைடாக் என்னும் ஜெர்மானியர் 1863இல் வெளியிட்ட நூலில் நாடகக் கதைப்பின்னலை ஐந்து நிலைகளாக வகுத்தார். தொடக்க விளக்கம், ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம், அழிவு முடிவு என அவற்றைத் தமிழில் கூறலாம். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து நிலைகளைக் கூறுவார். உழுத நிலத்தில் விதை முளைத்தல் தொடங்கி, விளைந்ததைக் கொண்டு உண்டு மகிழ்தல் வரை உழவுத்தொழிலின் முறையில் அவை அமைகின்றன.

இரண்டும் ஐந்தைந்தாக இருப்பதால் ஒன்றுக்கொன்று நேர் எனக் கொள்வது தவறு. உழவு உவமையின் இறுதி நிலை துய்த்தல். அவலநாடகத்தின் இறுதி நிலை அழிவு. முன்னது பயனை நோக்கிய வளர்ச்சியைக் காட்டும். பின்னது உச்சத்திலிருந்து சரியும் வீழ்ச்சியைக் காட்டும். தொடக்கநிலைகளை விளக்க உழவு உவமை துணைசெய்யும். அவலநாடகத்தின் முடிவை விளக்க அது உதவாது.

எக்ஸ்பொசிஷன் எனப்படும் தொடக்க விளக்கத்திற்குச் சிங்கின் முதற்காட்சி தக்க சான்று. நோரா மூட்டையோடு உள்ளே வருவதும், சகோதரியர் தாழ்ந்த குரலில் உரையாடுவதும் மைக்கேல் காணாமற்போன செய்தியை அவையோருக்கு இயல்பாக உணர்த்திவிடுகின்றன. கதை கூறுவோன் ஒருவன் தனியே வரவேண்டியதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் நேரடியாகச் செய்யும் பணியை இங்கு உரையாடலே செய்கிறது.

முன்னறிகுறியும் நாடக முரணும்

மாணவர் மிகுதியாக மயங்கும் இரு சொற்கள் ஃபோர்ஷேடோயிங், டிராமாட்டிக் ஐரனி என்பன. முன்னது, பின் நிகழவிருப்பதை முன்பே குறிப்பாக உணர்த்துவது. பின்னது, பாத்திரம் அறியாத ஒன்றை அவையோர் அறிந்திருப்பதனால் பிறப்பது. இரண்டையும் பிரித்தறிய ஒரே வினா போதும்: ‘அவையோருக்கு இது முன்பே தெரியுமா?’

சிலப்பதிகாரத்தில் இவ்விரண்டும் உள்ளன. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி காணும் தீக்கனா முன்னறிகுறி. அப்போது கேடு எதுவும் நிகழவில்லை. ஆய்ச்சியர் குரவையில் குடப்பால் உறையாமையும் காளையின் கண்ணில் நீர் சோர்தலும் பாத்திரங்களுக்கு முன்னறிகுறிகளாகவே தோன்றுகின்றன. ஆனால் அதற்கு முந்திய கொலைக்களக் காதையிலேயே கோவலன் வெட்டுண்டதைப் படிப்போர் அறிந்துவிடுகின்றனர். கேடு வாராதிருக்க ஆய்ச்சியர் குரவை ஆடும்போது, கேடு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பது படிப்போருக்குத் தெரியும். எனவே படிப்போர் நிலையில் அது நாடக முரண்.

சிங்கின் நாடகத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பார்ட்லி குதிரைக்குக் கடிவாளக் கயிறாக எடுத்துக்கொள்ளும் புதிய கயிறு, மைக்கேலின் சவப்பெட்டியைக் குழியில் இறக்கத் தேவைப்படும் என மௌர்யா கூறுவது முன்னறிகுறி. பரணில் மூட்டை மறைந்திருப்பதை அறியாமல் அதன்கீழ் அவள் மைக்கேலைப் பற்றிப் பேசுவது நாடக முரண். ஒரு மகனும் எஞ்சாதபடி இறைவன் அவளைக் கைவிடமாட்டார் என்ற பாதிரியாரின் உறுதிமொழி மூன்றாவது வகை. முதன்முறை காண்போருக்கு அது முரணாகத் தோன்றாது. முடிவில் நிகழ்ச்சி அதனைப் பொய்ப்பிக்கும்போதே முரணாகும். இதனை நிகழ்வு முரண் எனலாம்.

ஐரனி என்பதற்குத் தமிழில் அங்கதம், வஞ்சப்புகழ்ச்சி என்னும் சொற்களை நிகராக எழுதும் வழக்கம் உண்டு. அங்கதம் தொல்காப்பிய மரபில் வசையைச் சார்ந்தது; ஆங்கிலத்தின் சட்டையர் என்பதற்கே அது நெருக்கமானது. வஞ்சப்புகழ்ச்சி, சொல்லில் அமையும் முரணின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். மௌர்யாவின் அறியாமையில் வசையுமில்லை, புகழ்ச்சியுமில்லை. ‘முரண்’ என்னும் பொதுச்சொல்லை வைத்து, சொல் முரண், நிகழ்வு முரண், நாடக முரண் எனப் பிரிப்பதே மயக்கத்தைத் தவிர்க்கும்.

அடையாளமறிதல்

அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறும் கணத்தை அனக்னாரிசிஸ் என்றும், நிலைமை நேர்மாறாகத் திரும்புவதைப் பெரிபெட்டியா என்றும் குறிப்பிடுகிறார். இவற்றை அடையாளமறிதல், நிலைமாற்றம் எனத் தமிழில் கூறலாம். இரண்டும் ஒருசேர நிகழும் நாடகத்தை அவர் சிறப்பித்துப் பேசுகிறார்.

வழக்குரை காதை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துகள். கண்ணகியின் சிலம்பில் இருப்பவை மாணிக்கங்கள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்தக் கணத்திலேயே பாண்டியன் உண்மையை அறிகிறான். அக்கணமே அவன் வீழ்ச்சியுமாகிறது. அடையாளமறிதலும் நிலைமாற்றமும் இங்கு ஒன்றாகின்றன.

சிங்கின் நாடகத்தில் சிலம்பின் இடத்தில் ஒரு காலுறை வருகிறது. சகோதரியர் மூட்டையைப் பிரித்தபின் முதலில் சட்டைத் துணியை ஆராய்கின்றனர். அத்தகைய துணி கடைகளில் பலருக்கும் கிடைக்குமாதலால் அது சான்றாகாது எனத் தயங்குகின்றனர். பின்னர் நோரா காலுறையின் கண்ணிகளை எண்ணுகிறாள். அவளே பின்னியது அது. 60 கண்ணிகள் போட்டு 4 கண்ணிகளை விட்டுப் பின்னியதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள். எண்ணிக்கை சரியாக வருகிறது. மைக்கேல் இறந்தது உறுதியாகிறது. வலைக்கண்ணியை எண்ணிப் பழகிய வீடுகளில் இக்காட்சிக்கு உரை வேண்டியதில்லை.

பொருள்களைக் கொண்டு அடையாளமறிவதைக் கலைநயம் குன்றிய முறை என அரிஸ்டாட்டில் மதிப்பிடுகிறார். ஆனால் கடற்கரை வாழ்வில் அது தேவையால் எழுந்த முறை. உடல் கிடைக்காதவரை ஒருவர் இறந்தார் என உறுதியாகக் கூற இயலாது. நீத்தார் கடன்களும் தடுமாறும், சட்டமும் தயங்கும். 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எச்செய்தியும் கேளாதிருந்தால்தான், அவர் உயிருடன் உள்ளார் என்போரின் மீது மெய்ப்பிக்கும் பொறுப்பு விழுந்தது. அதுவரை அக்குடும்பம் இரண்டுக்கும் இடையே நிற்கும். மைக்கேலின் காலுறை அந்த நிலையை முடித்துவைக்கிறது. இதனை உணர்ந்த மாணவர், இக்காட்சியின் அடையாளமறிதல் மைக்கேலின் நிலையை மாற்றவில்லை, அவன் வீட்டாரின் நிலையையே மாற்றுகிறது என எழுதுவார். நிலைமாற்றம் அதன்பின் பார்ட்லியின் சாவில் நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரே கணத்தில் இணைந்தவை இங்குப் பிரிந்து நிற்கின்றன.

ஹமார்த்தியாவும் எதிர்நிலையும்

ஹமார்த்தியா என்பதனைக் ‘குணக்குறை’ என மொழிபெயர்ப்பதால், தலைமைப் பாத்திரத்தின் தீக்குணம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே மாணவரின் பணியாகிவிடுகிறது. இலக்குத் தவறுதல் என்பது இக்கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள். ‘தீர்ப்புப் பிழை’ என்பது நெருங்கிய விளக்கம். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லனின் சொல்லை நம்பி ஆராயாது ஆணையிட்டான். அது ஹமார்த்தியா.

மௌர்யாவிடம் இத்தகைய பிழை உண்டா? புறப்படும் மகன் வாழ்த்துக் கூறியபோது அவள் மறுவாழ்த்துக் கூறவில்லை. பின்னர் வாழ்த்தச் சென்றபோதும் சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மகள்கள் அதனைக் குறையாகக் கருதுகின்றனர். ஆனால் அவன் சாவுக்கு அதனைக் காரணமாக நாடகம் நிறுவவில்லை. சாம்பல் நிறக் குதிரைக்குட்டி அவனைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறது. எனவே இந்நாடகத்தில் ஹமார்த்தியாவைக் கட்டாயமாகத் தேடுவது பொருந்தாது.

எதிர்நிலைப் பாத்திரம் ஒரு மனிதராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இங்கு மேடையில் ஒருமுறையும் தோன்றாத கடலே எதிர்நிலையில் உள்ளது. தனுஷ்கோடிப் பகுதியில் அலை அடங்கிய வடபுறக் கடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்புறக் கடலை ஆண்கடல் என்றும் வழங்குவர். கடலை ஆளாக வைத்துப் பேசும் இவ்வழக்கு, அஃறிணைப் பொருள் நாடகத்தில் பாத்திரமாக இயங்குவதை விளக்க நல்ல வாயில். ஆயினும் இங்கு கடலைத் தாயெனவும் போற்றுவர். மௌர்யாவின் பேச்சில் அப்போற்றுதல் இல்லை.

குறியீடும் உள்ளுறையும்

சிம்பல் என்பதற்கு உள்ளுறை உவமத்தை நிகராகக் கூறுவதுண்டு. இரண்டிலும் ஒரு பொருள் வேறொன்றை உணர்த்துகிறது, அவ்வளவே ஒற்றுமை. உள்ளுறையில் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்கள் உவமையாக நின்று, கூறப்படாத பொருளோடு பகுதி பகுதியாகப் பொருந்தும். ஒவ்வொரு பகுதிக்கும் விடை உண்டு. குறியீட்டிற்கு அத்தகைய முடிந்த விடை இல்லை. மைக்கேலின் சவப்பெட்டிக்கென வாங்கிய வெள்ளைப் பலகைகள் முதற்காட்சியிலிருந்தே சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. அவை பார்ட்லிக்குப் பயன்படுகின்றன. ஆணி வாங்க மறந்துவிட்டார்கள். பலகைகள் எதைக் குறிக்கின்றன என ஒரு சொல்லில் விடை எழுதினால் அப்பொருளின் ஆற்றல் குறைந்துவிடும். அவை காட்சிதோறும் பெறும் பொருளை வரிசைப்படுத்துவதே சரியான விடை.

தனிமொழி

மேடையில் தனித்து நிற்கும் பாத்திரம் தன் எண்ணத்தை வாய்விட்டுக் கூறுவது சொலிலோக்வி. பிறர் உடனிருக்க, அவர்கள் செவியில் விழாததாகக் கொண்டு அவையோருக்குக் கூறுவது அசைட். அடியார்க்குநல்லார் உரையில் காணும் உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்னும் மூவகைப் பாகுபாடு, பேச்சு யாரை நோக்கியது என்பதே அளவுகோல் என்பதை நினைவூட்டுகிறது. மௌர்யாவின் இறுதிப் பேச்சின்போது அறையில் பலர் உள்ளனர். ஆயினும் அவர்களைக் காணாதவள்போல் பேசுகிறாள் என்று மேடைக்குறிப்பு கூறுகிறது. எனவே அது முழுமையான தனிமொழியன்று. அதன் தன்மையை ஏற்ற பொதுமொழி. வரையறைக்குள் முழுதும் அடங்காத இத்தகைய இடங்களைச் சுட்டுவது விடையின் தரத்தை உயர்த்தும்.

இரங்கல்: கோரஸும் எலிஜியும்

இறுதிக் காட்சியில் பெண்கள் தலையில் பாவாடையைப் போர்த்தியபடி ஒவ்வொருவராக நுழைந்து, முழந்தாளிட்டு மெல்ல அழுகைப்பாட்டு இசைக்கின்றனர். ஐரிஷ் மொழியில் இறந்தோருக்காகப் பெண்கள் பாடும் இம்மரபே ஆங்கிலத்தில் கீனிங் எனப்படுகிறது. ஒப்பாரிக்கு இது மிக நெருங்கிய வடிவம். இப்பெண்கள் கிரேக்க நாடகத்தின் கோரஸை நினைவூட்டுகின்றனர். தமிழில் கோரஸ் என்றால் சேர்ந்து பாடுவோர் என்ற பொருளே பரவலாக வழங்குகிறது. கிரேக்கக் கோரஸ் பாடுவதோடு அமையாது, நிகழ்ச்சியின்மீது சமூகத்தின் கருத்தையும் உரைக்கும். சிங்கின் பெண்கள் கருத்துரைப்பது அரிது; அவர்களது அழுகை ஊரின் குரலாகிறது.

கடலும் துயரும் சேர்ந்து வருவதால் இந்நாடகத்தை நெய்தல் திணையின் இரங்கலோடு இணைக்க மாணவர் விரும்புவர். அது பாதி மட்டுமே பொருந்தும். நெய்தலின் முதற்பொருளும் கருப்பொருளும் இங்குண்டு, உரிப்பொருள் வேறு. நெய்தலின் இரங்கல் அகத்துறை சார்ந்த பிரிவின் துயர். மௌர்யாவின் துயர் சாவின் துயர். அதனைத் தொல்காப்பியம் புறத்திணையியலில், காஞ்சியின் கையறுநிலையாகக் கூறும். ஆங்கிலத்தின் எலிஜி என்பதற்கும் கையறுநிலையே தக்க நிகர். ஆகவே இந்நாடகம் நெய்தல் நிலத்தில் நிகழும் கையறுநிலை எனக் கூறுவது சாலும்.

கதார்சிஸ்

அவலநாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளின் கதார்சிஸை நிகழ்த்துகிறது என்கிறார் அரிஸ்டாட்டில். அச்சொல் தூய்மையாக்கலா, வெளியேற்றமா, தெளிவாக்கமா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. தொல்காப்பிய மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையும் அச்சமும் உள்ளன. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள். மெய்ப்பாடு, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை விளக்குவது. கதார்சிஸ், அவ்வுணர்ச்சி காண்போரிடம் இறுதியில் என்னவாகிறது என்பதை விளக்குவது. முன்னதை அறிந்தவருக்குப் பின்னதன் தொடக்கம் விளங்கும்; முடிவைத் தனியே கற்கவேண்டும்.

கடல் இனி எடுத்துச்செல்ல எவரும் இல்லாத நிலையில் மௌர்யா அமைதி அடைகிறாள். புனித நீரைத் தெளித்து, இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இரக்கம் வேண்டுகிறாள். காண்போர் அழுகையோடு தொடங்கி அமைதியில் முடிக்கின்றனர். கதார்சிஸை இந்நாடகத்தில் சுட்டவேண்டுமாயின் இவ்விடத்தையே சுட்டவேண்டும். ஆனால் உண்மையில் ஒருவரைக் கடலில் இழந்த வீட்டிலிருந்து வந்த மாணவருக்கு இந்நாடகம் அத்தகைய தணிவைத் தரும் எனக் கூறிவிட இயலாது. அரிஸ்டாட்டில் பேசுவது, துயரத்தைச் சற்றுத் தள்ளி நின்று காணும் அவையோரைப் பற்றி. அத்தொலைவு எல்லார்க்கும் ஒன்றாக அமையாது என்பதை ஆசிரியர் மனங்கொள்ளவேண்டும்; அம்மாணவரைச் சான்றாக எழுப்பி நிறுத்துதல் கூடாது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, கலைச்சொல்லின் பொருளைத் தமிழ்ப் பனுவலிலும் வட்டார வழக்கிலும் முதலில் காட்டி, அதன்பின் ஆங்கிலப் பெயரைக் கூறுவது மாணவரின் அச்சத்தைக் குறைக்கும். இரண்டு, அங்கதம், உள்ளுறை, இரங்கல் போன்ற மரபுச்சொற்களை நேர்நிகராகப் பயன்படுத்துவது இருமரபுக்கும் தீங்கு; ஒற்றுமையோடு வேறுபாட்டையும் கூறவேண்டும். மூன்று, தேர்வில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை, பனுவலில் அது அமைந்த இடம், அதனால் காட்சி பெறும் பயன் என்னும் மூன்றையும் எழுதப் பழகவேண்டும்.

நோரா துணியைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடவில்லை. கண்ணிகளை எண்ணிப் பார்த்த பின்னரே அது மைக்கேலுடையது என்றாள். கலைச்சொல்லைப் பனுவலில் இனங்காணும் மாணவரிடம் வேண்டப்படுவதும் அத்தகைய பொறுமையே.